உடைத்து ஊற்றிய முட்டை

சிங்கப்பூர் நகரத்தின் புதுப்பாணிக் காப்பிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் போய் உட்கார்ந்தால், சிறிய இருப்புச் சட்டி ஒன்றை அடுப்புச் சூடு ஆறாமல் மரப்பலகையில் வைத்துக் கொண்டு வருவார்கள். சட்டி நிறையச் சிவந்த தக்காளிக் குழம்பு. அதன் நடுவே இரண்டு முட்டைகள், மஞ்சள் கரு உடையாமல் கண் விழித்துப் பார்ப்பதுபோல் கிடக்கும். பக்கத்தில் இரண்டு துண்டு ரொட்டி. இதற்கு ஷக்ஷூக்கா என்று பெயர். காலை உணவையும் நண்பகல் உணவையும் ஒன்றாகச் சேர்த்து உண்ணும் வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் பிரஞ்ச் என்று ஒரு சொல் உண்டு. 1895ஆம் ஆண்டில் கை பெரிஞ்சர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையால் பரவிய சொல் அது. ஷக்ஷூக்கா இன்று அந்த வேளைக்கே உரிய பண்டமாகிவிட்டது.

சிராங்கூன் சாலைப் பக்கத்தில் வளர்ந்த தமிழர் ஒருவர் அந்தச் சட்டியைக் கண்டால் உடனே கேட்பார்: ‘இது நம் வீட்டு உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு அல்லவா?’ கேள்வி நியாயமானதே. வெங்காயமும் தக்காளியும் வதங்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்ந்து கொதிக்கும்போது, முட்டையை அவித்து உரிக்காமல் நேரே உடைத்து ஊற்றி மூடிவைப்பது நம் வீடுகளில் புதிதன்று. அப்படியானால் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று? இன்றைய பேச்சில் இதைத்தான் சற்று ஆராயப் போகிறோம். சமையலறைச் செய்திதானே என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு. ஆளுநர்களுக்குக் கடிதக் கட்டுகள் உண்டு. கப்பலில் வந்து கல் உடைத்த மனிதன் இரவில் என்ன சமைத்துச் சாப்பிட்டான் என்பதற்கு அவன் சட்டியைத் தவிர வேறு சான்று கிடைப்பது அரிது.

முதலில் தக்காளியை எடுத்துக்கொள்வோம். இந்தக் குழம்பில் நமக்கு மிகவும் பழையதுபோல் தோன்றும் பொருள் தக்காளி. உண்மையில் அது நேற்று வந்த விருந்தாளி. தென்னமெரிக்காவின் மலைச்சரிவுகளில் காட்டுச் செடியாக இருந்து, மெக்சிகோ நாட்டில் பயிராக்கப்பட்டது. அங்குள்ள நகுவாத் மொழியில் அதற்கு டொமாட்டில் என்று பெயர். 1521இல் ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்த பிறகு அது கடல் கடந்தது. 1544இல் மத்தியோலி என்ற இத்தாலிய மருத்துவர் தம் நூலில் அதைப் பற்றி எழுதினார். ஆயினும் நெடுங்காலம் ஐரோப்பாவின் பல பகுதிகளில் அதை நச்சுக்காய் என்று அஞ்சித் தோட்டத்து அழகுக்கே வளர்த்தார்கள்.

அப்படியானால் தக்காளி என்ற தமிழ்ப் பெயர் எப்படி வந்தது? இங்கே மொழி நமக்கு ஓர் உண்மையைச் சொல்கிறது. தக்காளி என்ற சொல் பழையது, பழம் புதியது. வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் தானாக முளைக்கும் சிறு பழச் செடிகளுக்கே அப்பெயர் வழங்கிற்று. மணத்தக்காளி என்று இன்றும் வாய்ப்புண்ணுக்குக் கீரை பறிக்கிறோமே, அது நம் மண்ணில் நெடுங்காலமாக விளைவது. கடல் கடந்து வந்த பெரிய பழத்தைக் கண்டவர்கள், உருவ ஒற்றுமை கருதி அதைச் சீமைத் தக்காளி என்றார்கள். நாளடைவில் ‘சீமை’ உதிர்ந்துவிட்டது. வந்தவன் வீட்டுக்காரன் பெயரையே எடுத்துக்கொண்டான்.

1889ஆம் ஆண்டு முதல் வெளிவந்த இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதியில் அதன் ஆசிரியர் ஜார்ஜ் வாட், தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுகிறது என்றும் இந்தியர் அப்போதுதான் அதை விரும்பத் தொடங்குகிறார்கள் என்றும் குறித்திருக்கிறார். நூலைத் தேடிப் போக வேண்டியதுகூட இல்லை. நம் வீடுகளில் முன்னோர்க்குத் திதி கொடுக்கும் நாளன்று என்ன சமைக்கிறார்கள் என்று கவனியுங்கள். பல குடும்பங்களில் தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பச்சை மிளகாய் ஆகியவை அன்று விலக்கப்படும். புளியும் மிளகும் வாழைக்காயும் போதும். முன்னோர் அறியாத காயை முன்னோர்க்குப் படைப்பதில்லை. ஏடு மறந்ததைச் சடங்கு நினைவில் வைத்திருக்கிறது.

ஆகவே நம் குழம்புக்குப் பழைய புளிப்பு புளியிலிருந்தே வந்தது. தக்காளி போட்ட முட்டைக் குழம்பு நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்க முடியாது என்பது என் முடிவு. மிளகாயும் அதே அமெரிக்க நாடுகளிலிருந்து வந்ததுதான் என்பதைச் சேர்த்துக்கொண்டால், ‘ஆதிகாலத்து அம்மா சமையல்’ என்று நாம் மார்தட்டும் பலவற்றின் வயது தெரிந்துவிடும்.

ஷக்ஷூக்காவின் கதையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. அது வட ஆப்பிரிக்காவுக்கு, சிறப்பாகத் துனிசியாவுக்கு உரிய உணவு. கலந்தது, கலவையாக்கியது என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவார்கள். 1950களில் துனிசியா, லிபியா, மொராக்கோ நாடுகளிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிய யூதர்கள் அதை அங்கே கொண்டுசென்றார்கள். பின்னர் அங்கிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய், அவ்வழியே சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. துருக்கியில் மெனெமென் என்று முட்டையைக் கலக்கிச் செய்வார்கள். பம்பாய்ப் பார்சிகள் தக்காளி, வெண்டைக்காய், உருளைக்கிழங்கு என்று எதன்மேலும் முட்டையை உடைத்து மூடிவைத்துவிடுவார்கள்.

ஆனால் தக்காளிக்கு முன்பே இந்த முறை இருந்தது. 1226ஆம் ஆண்டில் அல் பாக்தாதி என்பவர் பாக்தாது நகரில் ஒரு சமையல் நூல் தொகுத்தார். அதில் நர்ஜிசிய்யா என்றொரு பண்டம் வருகிறது. இறைச்சியையும் காரட்டையும் வேகவைத்து, மேலே முட்டைகளை உடைத்து ஊற்றி, அடங்கிய தீயில் விடுவது. வெண்மை சூழ்ந்த மஞ்சள் கரு நர்கிஸ் மலர்போல் தோன்றுவதால் அப்பெயர். அந்த நூல் எழுதப்பட்ட காலத்தில் தக்காளியின் பெயரைக்கூட ஆசியாவில் எவரும் கேட்டதில்லை.

பாக்தாது என்றதும் சிங்கப்பூர் வரலாறு அறிந்தவர்களுக்கு ஒரு பொறி தட்டும். சிராங்கூன் சாலை முடிந்து சிலிகி சாலை தொடங்குமிடத்தில் நின்று பாருங்கள். 1924இல் எழுந்த எல்லிசன் கட்டடத்தின் நெற்றியில் ஆறு முனை விண்மீன் இருக்கும். சற்றுத் தள்ளி, மிடில் ரோடு முனையில் 1928இல் கட்டிய டேவிட் எலியாஸ் கட்டடத்திலும் அதே விண்மீன். வாட்டர்லூ தெருவில் 1878இல் திறக்கப்பட்ட மகேன் அபோத் யூதத் தொழுகைக் கூடம் இன்றும் இருக்கிறது. இந்த வட்டாரம் முழுவதையும் பாக்தாதிலிருந்து கல்கத்தா வழியாக வந்த யூதக் குடும்பங்கள் ‘மஹல்லா’ என்று அழைத்தன. 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் பாக்தாது வழிவந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவ்வளவு ஏன், நம் லிட்டில் இந்தியாவின் நடுவிலேயே பெலிலியோஸ் சாலை இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வணிகம் செய்த ஐ. ஆர். பெலிலியோஸ் என்ற யூதரின் பெயர் அது. அவருடைய தொழிலில் மாடு மேய்த்தவர்களும் பால் கறந்தவர்களும் பெரும்பாலும் இந்தியர்கள்.

இப்படித் தமிழரும் பாக்தாது யூதரும் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த நகரம் இது. பாக்தாதில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே முட்டையை உடைத்து ஊற்றியிருக்கிறார்கள். ஆகவே அவர்களிடமிருந்து நமக்கு வந்தது என்று ஒரு கதை கட்டிவிடலாம்; கேட்கச் சுவையாகவும் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டின் உள்நாட்டுச் சிற்றூர்களிலும் இதே குழம்பு இருக்கிறது. அங்கே எந்த யூதரும் போய்க் கற்றுக்கொடுக்கவில்லை. இறைச்சி வாங்கக் காசில்லை, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, கூடையில் நாலு முட்டை இருக்கிறது என்ற நிலை எந்த நாட்டுக்கும் பொது. அந்த நிலைதான் ஆசிரியர். அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டவை வேறு இருக்கின்றன. கல்கத்தா யூதர் சமையலில் மஞ்சளும் இஞ்சியும் மல்லியும் புகுந்தது அத்தகைய கொடுக்கல் வாங்கல்.

இனி முட்டைக்கு வருவோம். சிங்கப்பூரில் இந்தியர் கையில் முட்டை பட்ட வரலாற்றில், நன்றாக எழுதிவைக்கப்பட்ட செய்தி ஒன்று உண்டு. அது சமையலைப் பற்றியதன்று, சுவரைப் பற்றியது. 1825 முதல் இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சாலை போட்டவர்கள், சதுப்பு நிலம் தூர்த்தவர்கள், செங்கல் சுட்டவர்கள் அவர்களே. 1856இல் அடிக்கல் நாட்டி, 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பால் எழுந்தது. அதன் உட்சுவருக்கு மதராஸ் சுண்ணாம்பு என்ற பூச்சைப் பூசினார்கள். மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றை அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் கலக்கிப் பூசி, காய்ந்தபின் பளிங்குபோல் மின்னும்வரை தேய்த்தார்கள். கைதிகளின் மேலதிகாரியாக இருந்த மேஜர் மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இந்தக் கலவை முறையை விளக்கமாக எழுதியிருக்கிறார். முட்டை எவ்வாறு சுவரானது என்பதற்கு நூல் இருக்கிறது. எவ்வாறு கறியானது என்பதை எழுத அன்று ஓர் அதிகாரிக்கும் தோன்றவில்லை.

கைதிகளுக்குப் பின் வந்தவர்கள் துறைமுகத்திலும் நகராட்சியிலும் இரயில் பாதையிலும் வேலை செய்த தொழிலாளர்கள். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சிங்கப்பூர் இந்தியரிடையே ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்களுக்கு மேல் இருந்தார்கள். இந்தக் கணக்கைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தில் நான்கு பேருக்கு வீட்டில் சமைத்துவைக்கத் தாயோ மனைவியோ இல்லை. ஓர் அறையில் பத்துப் பேர் பாய் விரித்தார்கள்; முறை வைத்துப் பொங்கினார்கள். அம்மியில் அரைக்க நேரமும் இல்லை, கையும் இல்லை. மீன் வாங்கினால் அன்றே கழுவி முடிக்க வேண்டும். முட்டை அப்படியன்று, இரண்டு நாள் மூலையில் கிடக்கும். ஆளுக்கு ஒன்று என்று எண்ணிப் போடலாம், பங்கில் சண்டை வராது. குழம்பில் நேரே உடைத்து ஊற்றினால் அவிக்கத் தனி விறகு செலவாகாது. இந்தக் குழம்பு பெண்கள் இல்லாத அறைகளில் ஆண்கள் கையில் வளர்ந்தது என்றே நான் எண்ணுகிறேன். 1957இல் விகிதம் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்களுக்குச் சற்று மேல் என்று இறங்கியது. குடும்பங்கள் வந்தன. குழம்பில் தேங்காய்ப் பாலும் சோம்பும் கறிவேப்பிலையும் பொறுமையும் சேர்ந்தன.

இடையில் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. அரிசிக்கு மாற்றாக மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த காலம். கோழி வளர்த்தவன் முட்டையைத் தின்னவில்லை. கொடுத்து வேறு பொருள் வாங்கினான். மஹல்லாவில் இருந்த யூத ஆண்கள் 1943இல் சாங்கி முகாமில் அடைக்கப்பட்டார்கள். போருக்குப் பின் அவர்களில் பலர் நாட்டைவிட்டே போனார்கள். கட்டடங்களும் தெருப்பெயர்களும் நின்றன, அடுப்புகள் போய்விட்டன.

தக்காளி இங்கே எப்படிக் கிடைத்தது என்று நேயர்கள் கேட்கலாம். சிங்கப்பூரில் அது எளிதில் விளைவதில்லை. பூ பிஞ்சாவதற்கு இரவில் குளிர்ச்சி வேண்டும். இங்கே இரவிலும் வெப்பம் 24 பாகைக்குக் கீழ் இறங்குவது அருமை. ஈர மண்ணில் வாடல் நோயும் செடியைத் தாக்கும். வெப்பம் தாங்கும் தக்காளி வகைகளை உருவாக்கும் பணி, 1971இல் தைவானில் ஆசியக் காய்கறி ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய பிறகே விரைவடைந்தது. அதற்கு முன்பே வழிகாட்டியது கேமரன் மலை. 1885இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்த அந்த மேட்டுநிலத்துக்கு 1931இல் சாலை முடிந்தது. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்கள் தமிழர்கள். அதே மலையின் காய்கறித் தோட்டங்கள் கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் தக்காளியால் நிறைத்தன. தேக்காச் சந்தைக்கு வந்த தக்காளிப் பெட்டிக்கு இப்படி ஓர் ஊர் உண்டு.

மலைத்தக்காளி வருவதற்கு முன்னும் பின்னும் இன்னொரு தக்காளி இருந்தது. அது புட்டியில் அடைத்தது. கெட்சப் என்ற பெயரைக் கேட்டால் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்போம். பெயர் நம் கடலுக்கு உரியது. ஹொக்கியன் சீனர்கள் மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாற்றுக்கு ‘கெ சியாப்’ என்றார்கள். மலாய்க்காரர் கிச்சாப் என்றார்கள். ஆங்கில வணிகர்கள் பெயரைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் காளானிலும் வாதுமையிலும் சாறு செய்து பார்த்தார்கள். 1812இல் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மீஸ் தக்காளியில் செய்யும் முறையை வெளியிட்டார். 1876இல் ஹைன்ஸ் நிறுவனம் அதைப் புட்டியில் விற்றது. கிச்சாப் என்று போனது, சிவப்பேறித் திரும்பி வந்தது. தமிழ் முஸ்லிம் அங்காடிக்காரர்கள் அதை வீணாக்கவில்லை. சீனர் நூடுல்ஸை எடுத்து, மிளகாய் விழுதும் தக்காளிச் சாறும் விட்டு, முட்டையை உடைத்துக் கொத்திப் புரட்டி மீ கோரெங் ஆக்கினார்கள். வாணலி சீனருடையது, பெயர் மலாய், சாறு அமெரிக்கம், கை தமிழருடையது. நெய்யில் விரித்த மாவுக்குள் முட்டையை ஊற்றி மடிக்கும் முர்தபாக்கின் பெயர் ‘மடித்தது’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908இல் தொடங்கிய ஸம்ஸம் உணவகம் இன்றும் அதை விற்கிறது.

இவர்களில் பலர் தெருவோரத்திலும் தள்ளுவண்டியிலும் தொழில் நடத்தியவர்கள். 1968இல் தொடங்கிப் பதிவு செய்து, 1986க்குள் அனைவரையும் கூரை உள்ள அங்காடி நிலையங்களுக்குள் அரசாங்கம் கொண்டுவந்தது. தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் கிடைத்தன. தெருவின் வாசனை போயிற்று என்று வருந்தியவர்களும் உண்டு. வருந்தியவர்கள் பெரும்பாலும் அந்த வண்டியைத் தள்ளியவர்கள் அல்லர். 1915இல் எழுந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தைக்குப் பதிலாக 1982இல் எதிர்ப்புறத்தில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதற்கு முதலில் சூஜியாவ் நிலையம் என்று பெயரிட்டார்கள். மக்கள் வாயில் அது தேக்காவாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் பலகையும் தேக்கா என்றே மாறியது.

இன்றைக்குச் சிங்கப்பூர் உண்ணும் முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்குள்ள பண்ணைகளில் கிடைக்கிறது. எஞ்சியது பெரும்பாலும் மலேசியாவிலிருந்து வருகிறது. 2022 ஜூன் மாதத்தில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இந்த நகரம் எதன்மேல் நிற்கிறது என்று பலருக்கும் ஒரு கணம் விளங்கிற்று. கட்டடத் தொழிலுக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டு இளைஞர்கள் தங்கும் விடுதிகளில் விடுமுறை நாளில் சமைத்தால், வெங்காயம், தக்காளி, முட்டை மூன்றுமே முதலில் கூடையில் விழுகின்றன. 1931இன் கணக்கு வேறு வடிவில் அங்கே இன்னும் நடக்கிறது. அவர்கள் சமைப்பதும் இதே குழம்புதான். காப்பிக் கடைப் பலகையில் அதற்குப் பெயர் ஏறவில்லை. ஷக்ஷூக்கா ஏறியிருப்பது குற்றமன்று. பள்ளிப் பிள்ளைகள் அதைக் கடையில் கண்டு வியந்து, வீட்டில் தாத்தா செய்வதை ஏழைச் சமையல் என்று ஒதுக்குவதுதான் எனக்கு உறுத்துகிறது.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். நால்வருக்கு ஆறு முட்டை. இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் சோம்பும் பொரிந்ததும், பொடியாக அரிந்த மூன்று வெங்காயத்தையும் பூண்டையும் கறிவேப்பிலையையும் பொன்னிறமாக வதக்க வேண்டும். நன்றாகப் பழுத்த தக்காளி ஐந்தாறு, மஞ்சள்தூள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அதே அளவு மல்லித்தூள், உப்பு. எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை பொறுத்திருங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். குழம்பு நீர்த்திருந்தால் வெள்ளைக்கரு இழை இழையாகப் பிரிந்து ஓடிவிடும். கெட்டியாக இருந்தால் கரண்டியால் குழித்த இடத்தில் அப்படியே உட்காரும். ஒவ்வொரு முட்டையையும் முதலில் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துப் பிறகு குழியில் சரியுங்கள். தீயைத் தணித்து மூடிவிடுங்கள். வெள்ளைக்கரு 62 பாகையளவில் உறையத் தொடங்கும். மஞ்சள் கரு கெட்டிப்படுவது 65இலிருந்து 70 பாகைக்குள். இந்தச் சிறு இடைவெளிதான் சமையற்காரர் கையில் இருக்கும் காலம். மேல்நாட்டார் சட்டியை ஓவனுக்குள் வைத்து மேலிருந்து சூடு கொடுப்பார்கள். ஓவன் இல்லாத வீட்டில் மூடியில் தங்கும் ஆவி அதே வேலையைச் செய்கிறது. நான்கைந்து நிமிடம் போதும். கருவுற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டும் கரு முழுவதும் கெட்டியாகும்வரை விட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறாமல், சட்டியோடு கொண்டுபோய் வைத்து, பரோட்டாவையோ தோசையையோ ரொட்டியையோ பிய்த்துத் தொட்டுக்கொள்ளலாம்.